டிடிக்கு லோயரிங் ஸ்பிரிங்கா, காயில்ஓவரா? கொழிஞ்சாம்பாறை தம்பிக்கு ஒரு நீளமான பதில்

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ நிதானமா படிச்சேன். ரெண்டாம் ஜெனரேஷன் ஆடி டிடி குவாட்ரோ, செகண்ட் ஹேண்டா எடுத்தது, 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது, சஸ்பென்ஷன்ல இதுவரைக்கும் யாரும் கை வைக்கல. வாரத்துல அஞ்சு நாள் கொழிஞ்சாம்பாறைல இருந்து வேலந்தாவளம் வழியா கோயமுத்தூர் ஆபீஸ், மாசம் ஒரு தடவ வால்பாறை, வருஷத்துல ரெண்டு மூணு நாள் செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக். வீல் ஆர்ச்சுல நாலு விரல் போற கேப் உறுத்துது, வளைவுல கார் சாயுது, கார இறக்கற லோயரிங் ஸ்பிரிங் மட்டும் மாத்தினா போதுமா, இல்ல சேர்த்து வச்ச காசுக்கு காயில்ஓவர் செட்டே, அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேந்து உயரம் மாத்தற வசதியோட வர்ற செட்டே வாங்கிரலாமான்னு கேட்டிருக்கீங்க.

என் பதில முதல்லயே சொல்லிடறேன். ஸ்பிரிங்க மட்டும் தனியாவோ, காயில்ஓவர் செட்டாவோ இப்ப வாங்காதீங்க. மொதல்ல நாலு ஷாக்கும், அத மேல காரோட பிடிக்கற டாப் மவுண்டும், சக்கரத்த கீழ பிடிக்கற லோயர் ஆர்மோட ரப்பர் புஷ்ஷும் புதுசு பண்ணுங்க. பண்ணும்போதே இறக்கின காருக்குன்னு செஞ்ச ஷார்ட் ஷாக்கா வாங்கி அதோட 20, 25 மில்லிமீட்டர் இறக்கற ஸ்பிரிங் போட்டுக்கோங்க. காயில்ஓவர் உங்களுக்கு வேணுமா வேணாமான்னு ஒரு வருஷம் கழிச்சு உங்க காரே சொல்லும். ஏன் இப்படிச் சொல்றேன்னு விலாவாரியா எழுதறேன், பொறுமையா படிங்க, ஏன்னா இதே தப்ப நான் காசு குடுத்துப் பண்ணியிருக்கேன்.

எல்லாரும் கார எவ்வளவு இறக்கலாம்னுதான் கேக்கறாங்க. கேக்க வேண்டியது, இறக்கினதுக்கு அப்புறம் சக்கரம் மேல போக எவ்வளவு எடம் மிச்சம் இருக்குதுங்கறது. கார் சும்மா நிக்கறப்ப ஷாக்கோட ராடுல, ஷாக் பாடிக்கும் மேல தடுப்பா இருக்கற பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவுல ஒரு தூரம் இருக்குமில்ல, அந்த டிராவல்தான் உங்க சொத்து. ஒரு பேச்சுக்கு அது 80 மிமீன்னு வச்சுக்குவோம். 30 மிமீ இறக்கற ஸ்பிரிங் போட்டா மிச்சம் 50. இப்ப ஒரு குழில விழுந்தா வர்ற அதே அடிய 80க்குப் பதிலா 50 மிமீக்குள்ள ஸ்பிரிங் வாங்கி முடிக்கணும். ஸ்பிரிங் சேத்து வைக்கற சக்தி தூரத்தோட வர்க்கத்துல போறதால 80ஐ 50ஆல வகுத்து அத வர்க்கம் போட்டுப் பாருங்க, 2.56 வருது. அதாவது ஸ்பிரிங் ரெண்டரை மடங்கு கெட்டியா இருந்தாத்தான் பம்ப் ஸ்டாப்ல மோதாம தப்பிக்கும். கடைல விக்கற லோயரிங் ஸ்பிரிங் பொதுவா 20, 30 சதவீதம்தான் கெட்டி. மீதிய யாரு வாங்கறது? பம்ப் ஸ்டாப்தான் வாங்குது. அது ஒரு நுரை ரப்பர், அதுவும் ஒரு விதத்துல ஸ்பிரிங்தான், கம்பெனிக்காரனே அத லேசா தொடற மாதிரித்தான் டிசைன் பண்றான், ஆனா தினம் நூறு தடவ அது மேலயே ஒக்காந்துட்டுப் போறதுக்கு செஞ்சது இல்ல. வளைவு நடுவுல கார் சாஞ்சிருக்கறப்ப வெளிப்பக்க சக்கரம் பம்ப் ஸ்டாப்ல ஒக்காந்துட்டா அந்த மூலைல ஸ்பிரிங் ரேட் திடீர்னு எகிறும், அந்த டயர் பிடிப்ப விட்டுரும். "ஸ்பிரிங் போட்டதுல இருந்து கார் கெட்டியா, கச்சிதமா இருக்குது"ன்னு சொல்றவங்கள்ல நெறைய பேரு உணர்றது பம்ப் ஸ்டாப்பத்தான்.

என் பழைய ஹேட்ச்பேக்ல நான் பண்ணது அதேதான். ஷாக் ஒரிஜினல், 60,000 ஓடினது, அதுல 35 மிமீ ஸ்பிரிங். பொள்ளாச்சில போட்டுட்டு நேரா ஆழியார் போனேன், மொத நாள் சொர்க்கமா இருந்துச்சு. எட்டு மாசத்துல பின்னாடி ரெண்டு ஷாக்குலயும் எண்ணெய் கசிஞ்சு டயர் உள்பக்கம் வரைக்கும் ஈரம். ஜாக்கி போட்டு டஸ்ட் பூட்ட மேல தூக்கிப் பாத்தா பம்ப் ஸ்டாப் துண்டு துண்டா உதிந்து, மஞ்சள் தூளா உள்ள கெடக்குது. கடைக்காரர் ஸ்பிரிங் தப்புன்னு சொல்லல, ஷாக் தப்புன்னும் சொல்லல. ரெண்டும் தனித்தனியா நல்லதுதான், சேத்து வச்சதுதான் தப்பு.

ஷாக்குக்கும் ஒரு கணக்கு இருக்குது. ஸ்பிரிங்க 30 சதவீதம் கெட்டி பண்ணினா அத அடக்கறதுக்கு டேம்பிங், அதாவது ஷாக் ஆட்டத்தத் தடுக்கற பலம், சுமார் 14 சதவீதம் கூடணும், 1.3க்கு வர்க்கமூலம் எடுத்தா வர்றது அதுதான். புது ஒரிஜினல் ஷாக்கா இருந்தா இந்த வித்தியாசத்த ஓரளவு தாங்கிக்கும். 78,000 ஓடின ஷாக் ஏற்கனவே தளந்து போயிருக்கும், அது மேல கெட்டி ஸ்பிரிங் வச்சா ஒரு மேட்டத் தாண்டினதும் கார் ஒன்னரை தடவ ஆடிட்டுத்தான் நிக்கும். உங்க கார் வளைவுல சாயுதுன்னு சொன்னீங்கல்ல, அதுல பாதி அந்தத் தளந்து போன ஷாக்காத்தான் இருக்கும்னு நெனைக்கறேன். சாய்வோட மொத்த அளவு ஸ்பிரிங்கும், ரெண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கற ஆன்டி ரோல் பார்ங்கற கம்பியும் முடிவு பண்றது, எவ்வளவு வேகமா சாயுதுங்கறது ஷாக் முடிவு பண்றது, சீட்ல ஒக்காந்திருக்கற நமக்கு ரெண்டும் ஒன்னு மாதிரித்தான் தெரியும். அதனாலதான் மொதல்ல ஷாக்க புதுசு பண்ணச் சொல்றேன்.

சாய்வப் பத்தி இன்னொன்னு இருக்குது, இத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. டிடிக்கு முன்னாடி மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணா நிக்கற அமைப்பு. கம்பெனி உயரத்துல லோயர் ஆர்ம் கிட்டத்தட்ட படுத்த மாதிரி இருக்கும், கார இறக்க இறக்க அதோட சக்கரத்துப் பக்கம் மேல ஏறிப் போகும். அப்ப ரோல் சென்டருங்கற, கார் எத மையமா வச்சு சாயுதோ அந்தப் புள்ளி கார் பாடி இறங்கறத விட வேகமா கீழ போயிருது. பாடியோட எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் கார சாய்க்கற நெம்புகோல், நீங்க இறக்கினதால அந்த நெம்புகோல் நீளமாயிருது. ரொம்ப இறக்கினா கார் முன்ன விட அதிகமா சாய ஆசப்படும், அத அடக்கறதுக்கு இன்னும் கெட்டி ஸ்பிரிங், இன்னும் கெட்டி ஷாக்னு போயிட்டே இருக்கணும். இதுக்கு எதிர்ப்பக்கம் கெடைக்கற லாபம் எவ்வளவுன்னு பாருங்க, எடை மையம் தரையில இருந்து அரை மீட்டர் உயரத்துல இருக்குதுன்னு வச்சா, 25 மிமீ இறக்கினதுல பக்கவாட்டு லோட் டிரான்ஸ்ஃபர், அதாவது வளைவுல வெளிப்பக்க டயருக்கு மாறற எடை, குறையறது வெறும் 5 சதவீதம். நல்ல டயரும் ஒழுங்கான அலைன்மென்ட்டும் குடுக்கற பிடிப்புக்கு முன்னாடி இந்த 5 ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு சாய்வுதான் பிரச்சனைன்னா பின்னாடி கொஞ்சம் தடிமனான ஆன்டி ரோல் பார் ஒன்னு போட்டுப் பாருங்க, ஒரு மிமீ டிராவல் கூட போகாது, முன்பக்கம் வெளிய தள்ளற கொணமும் குறையும்.

இப்ப காயில்ஓவருக்கு வர்றேன். நல்ல காயில்ஓவர் ஒரு அருமையான பொருள், அதுல எனக்கு மாத்துக்கருத்தே கெடையாது. ஸ்பிரிங்குக்குன்னே செஞ்ச ஷாக், உயரத்த நம்ம இஷ்டத்துக்கு வைக்கலாம், நாலு மூலை எடையையும் சமன் பண்ணலாம், டாப் மவுண்ட்ல கேம்பர், அதாவது சக்கரத்தோட சாய்வுக் கோணம், மாத்தற பிளேட் வந்தா ஸ்ட்ரட் காருக்கு அது பெரிய வரம், ஏன்னா கரி மாதிரி டிராக்ல ஒரு மணி நேரம் ஓட்டினாலே முன் டயரோட வெளித்தோள் தேஞ்சு போறது கேம்பர் பத்தாததாலதான். ஆனா ஒரு விஷயம், காயில்ஓவர்ங்கற ஒரே பேர்ல ரெண்டு வேற வேற சாமான் விக்கறாங்க. ஒன்னுல ஸ்பிரிங் ஒக்கார்ற காலர மட்டும் மேல கீழ திருப்பி உயரம் மாத்தறது, அதுல எறக்க எறக்க டிராவலும் சேந்து குறையும், லோயரிங் ஸ்பிரிங்ல பாத்த அதே கதை. இன்னொன்னுல ஷாக்கோட கீழ் பாடியே மரை போட்டு தனியா இருக்கும், ஸ்பிரிங்கத் தொடாம அடியில இருந்து மொத்த நீளத்தையும் குறைக்கலாம், ஷாக்குக்குள்ள இருக்கற டிராவல் அப்படியே இருக்கும். ஆனா இதுலயும் டயர் ஃபெண்டர் லைனர்ல போய் இடிக்குமான்னு பாக்காம எறக்கக் கூடாது. வாங்கறதுக்கு முன்னாடி இது எந்த வகைன்னு கேளுங்க, விக்கறவருக்கு இந்தக் கேள்வியே புரியலைன்னா அங்க வாங்காதீங்க.

உங்க கார்ல பின்பக்கம் வேற மாதிரி. டிடிக்கு பின்னாடி ஃபோர் லிங்க், அதுல ஸ்பிரிங் தனியா லோயர் ஆர்ம் மேல ஒக்காந்திருக்கும், ஷாக் தள்ளி தனியா நிக்கும். அதனால செட் வாங்கினாலும் பின்னாடி வர்றது நெஜமான காயில்ஓவர் இல்ல, ஒரு மரை போட்ட ஸ்பிரிங் சீட்டும் ஒரு தனி ஷாக்கும்தான். அந்த ஸ்பிரிங் சக்கரத்த விட்டு உள்ள தள்ளி இருக்கறதால காலர்ல 10 மிமீ திருப்பினா சக்கரத்துல அதுக்கு மேல வித்தியாசம் வரும், இது தெரியாம முன்பக்கம் திருப்பின அதே அளவு பின்னாடியும் திருப்பி, கார் பின்னங்கால மடிச்சு ஒக்காந்த மாதிரி வந்து நின்ன கேச நான் பாத்திருக்கேன். அப்புறம் முக்கியமா ஒன்னு பாருங்க, கியர் பக்கத்துல ஷாக் படம் போட்ட ஸ்விட்ச் இருக்குதா? இருந்தா உங்க கார்ல மேக்னெடிக் ரைடு இருக்குது, ஷாக்குக்குள்ள எண்ணெயோட இரும்புத் துகள் கலந்து கரண்ட் குடுத்து கெட்டி பண்ற சிஸ்டம். சாதா ஷாக்கோ காயில்ஓவரோ எதப் போட்டாலும் அந்த வயரக் கழட்டணும், டேஷ்ல வார்னிங் எரியும், அத கோடிங்லயோ தனி மாடியூல் வச்சோ அடக்கணும். அந்தச் செலவையும் சேத்துக் கணக்குப் போடுங்க.

அட்ஜஸ்ட் பண்ணலாம்ங்கற ஒரு வார்த்தைக்காகத்தான் நெறைய பேரு காயில்ஓவர் வாங்கறாங்க. அதுக்கு நம்ம ஊர்ல ஒரு எதிரி இருக்குது, அது மழை. ஜூன்ல இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற தென்மேற்கு மழைல செம்மண்ணுத் தண்ணி வீல் ஆர்ச்சுக்குள்ள போய் மரைல ஒக்காந்துக்கும். அந்த ஹேட்ச்பேக்குக்கு அப்புறம் வந்த கார்ல நான் மலிவு காயில்ஓவர் ஒன்னு போட்டேன், ஸ்டீல் பாடில அலுமினியம் காலர், ரெண்டு வேற உலோகம் ஈரத்துல ஒட்டி இருந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளையா உப்புப் பூத்துப் பிடிச்சுக்கும். ஒரே ஒரு மழைக்காலம்தான். அக்டோபர்ல உயரம் மாத்தலாம்னு வீல கழட்டினா காலர் அசையல. துரு விடற எண்ணெய் ரெண்டு ராத்திரி ஊத்தி வச்சேன், பித்தளை பிரஷ்ல மரைய ஒவ்வொன்னா தேச்சேன், சி ஸ்பானர வச்சு ஒடம்பு எடையப் போட்டு அழுத்தினதுல காலரோட பல்லு ஒடஞ்சு கைமுட்டி போய் டிஸ்க்ல இடிச்சு ரத்தம் வந்ததுதான் மிச்சம். கடைசில அந்த கார் விக்கற வரைக்கும் ஒரே உயரத்துலதான் நின்னுச்சு. கேடபிள்யூ கம்பெனியோடது மாதிரி ஸ்டெயின்லெஸ் பாடில வர்ற செட்டுல இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு, அதுக்குத்தான் அந்த வெலை. எதப் போட்டாலும் மழைக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ கழுவித் தொடச்சு வைக்கணும், இதுக்கு நேரம் இல்லாதவங்களுக்கு காயில்ஓவர் ஒத்து வராது.

ஷாக்கோட கெட்டிய மாத்தற நாப க்ளிக் க்ளிக்னு திருகறதப் பத்தியும் சொல்லணும். ஒரே நாப் இருக்கற செட்டுல அது பெரும்பாலும் ரீபவுண்டத்தான், அதாவது ஷாக் திரும்ப நீளறப்ப வர்ற தடையத்தான் மாத்தும், கம்ப்ரெஷன், அதாவது அமுங்கறப்ப வர்ற தடை, கொஞ்சமா கூடவே நகரும். கேடபிள்யூல வேரியன்ட் 1 உயரம் மட்டும், 2ல ரீபவுண்ட், 3ல ரீபவுண்டும் கம்ப்ரெஷனும் தனித்தனியா. பில்ஸ்டீன் கம்பெனில பி14 உயரம் மட்டும், பி16ல டேம்பிங்கும் மாத்தலாம். நாப் அதிகமா இருந்தா நல்லதுன்னு இல்ல, தப்பா வைக்கறதுக்கு வழி அதிகம், அவ்வளவுதான். ரீபவுண்ட அளவுக்கு மேல கெட்டி பண்ணிட்டா அடுத்தடுத்து குழி வர்ற ரோட்டுல சக்கரம் கீழ வர்றதுக்குள்ள அடுத்த குழி வந்துரும், கார் கொஞ்சம் கொஞ்சமா கீழயே ஒக்காந்து பம்ப் ஸ்டாப்புக்குப் போயிரும். திருகறதா இருந்தா முழு கெட்டிக்கு மூடிட்டு அங்க இருந்து எண்ணி எண்ணித் தொறங்க, ஒரு தடவைக்கு ரெண்டு க்ளிக், ஒரே ரோடு, ஒரே டயர் பிரஷர், நோட்டுல எழுதி வைங்க. மூலை எடை சமன் பண்ண நாலு ஸ்கேல் வேணும், சீட்ல உங்க எடையும் இருக்கணும். இது பண்ணித் தர ஆள் இல்லாம காயில்ஓவர் போட்டா ரெண்டு பக்கமும் டேப் வச்சு உயரம் சமமா இருந்தாலும் குறுக்கு எடை, அதாவது எதிரெதிர் மூலைங்க தாங்கற எடை, கோணலா இருக்கும், ஒரு பக்க வளைவுல ஒரு மாதிரி, அடுத்த பக்கம் வேற மாதிரி திரும்பும்.

ரோட்டப் பத்திப் பேசாம இந்தப் பேச்சு முடியாது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்ற வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 செமீ உயரம், 17 மீட்டர் ஆரத்துல வளைஞ்சது. டிடியோட வீல்பேஸ் சுமார் 2.47 மீட்டர். அந்த அளவுல கட்டின ஹம்ப் மேல கார் நடு உச்சில நிக்கறப்ப வயித்துக்கு அடியில முட்டி நிக்கறது நாலரை செமீதான், 25 மிமீ இறக்கின டிடி தாராளமாப் போயிரும். ஆனா நீங்க தினம் போற வழில ஸ்கூல் முன்னாடியும் வேலந்தாவளம் பக்கமும் இருக்கற ஒரு முழ அகல ஹம்ப் அந்தக் கணக்குல வராது, அது அத்தனை உயரமும் அப்படியே வயித்துக்கு வரும், அதோட நம்ம ஆளுங்க கட்டர்னு சொல்ற குழிங்க வேற. 35, 40 இறக்கினா ஒவ்வொரு ஹம்ப்லயும் குறுக்க சாச்சு ஏத்தித்தான் போகணும், பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சிட்டே நிப்பார். அது ஒரு வாரம் தாங்கும், அஞ்சு வருஷம் தாங்காது.

சட்டத்தையும் ரெண்டு வரில சொல்லிடறேன், ஏன்னா உங்க வண்டி கேரள ரெஜிஸ்ட்ரேஷன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து வண்டிய மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் இத உறுதி பண்ணுச்சு, அந்த வழக்கே கேரளாவுல இருந்து போனதுதான். அதே வருஷத் திருத்தத்துல ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம்னு வந்துருச்சு. கார் தரையோட ஒட்டிப் போனா செக்கிங்ல மொதக் கண்ணு உங்க மேலதான் விழும். இந்த ரிஸ்க் தெரிஞ்சுட்டு முடிவெடுங்க, கழட்டின ஒரிஜினல் ஸ்பிரிங், ஷாக் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுராதீங்க.

பொருள்னு கேட்டா, உங்க காருக்கு நான் தேடறது பில்ஸ்டீன் பி8 மாதிரி ஷார்ட் ஷாக், கூட ஐபாக் ப்ரோ கிட் மாதிரி அதிகம் இறக்காத ஸ்பிரிங். ரெண்டையும் சேத்து பி12னு ஒரே செட்டாவும் விக்கறாங்க. மாட்டறப்ப மெக்கானிக்கிட்ட ஒன்ன மட்டும் கண்டிப்பா சொல்லுங்க, லோயர் ஆர்ம் புஷ் போல்ட்ட கார் தொங்கறப்ப டைட் பண்ணக் கூடாது, சக்கரம் தரைல ஒக்காந்த உயரத்துல வச்சுத்தான் கடைசி டைட். இல்லைன்னா ரப்பர் எந்நேரமும் முறுக்கிட்டே நின்னு ஒரு வருஷத்துல கிழிஞ்சிரும். ரெண்டு வாரம் ஓட்டி ஸ்பிரிங் ஒக்காந்ததும் அலைன்மென்ட், செனான் லைட் இருந்தா அதோட லெவல் சென்சாரும் சேத்து. முன்னாடி டோ, அதாவது சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற கோணம், கரெக்டா இல்லைன்னா டயர் உள்பக்கம் வெளிய தெரியாம தேஞ்சு கம்பி வந்துரும், நின்னுட்டுப் பாத்தா தெரியாது, குனிஞ்சு கைய விட்டுத் தடவிப் பாக்கணும்.

இதுக்கெல்லாம் முன்னாடி இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க, அஞ்சு ரூபா கூட ஆகாது. பின் ஷாக்கோட டஸ்ட் கவர மேல தள்ளி, ராடுல ஒரு கேபிள் டை சுத்தி, நழுவற அளவுக்கு மட்டும் இறுக்கி, ஷாக் பாடியோட ஒட்டித் தள்ளி வைங்க. முன்பக்கம் ஸ்டியரிங்க ஒடிச்சு வச்சு, ஸ்பிரிங் சுருள் நடுவுல கைய விட்டா அங்கயும் கட்டலாம். அப்புறம் வழக்கமா போற மாதிரியே ஆபீஸ் போயிட்டு வாங்க, வேணும்னு மெதுவாவும் வேண்டாம், வேகமாவும் வேண்டாம். வந்ததும் கார் சமதரைல நிக்கறப்ப பாருங்க, ஷாக் பாடி எவ்வளவு மேல வந்துச்சோ அங்க அந்த டை நிக்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவுல எத்தன மிமீ மிச்சம்னு அளந்துக்கோங்க. கம்பெனி உயரத்துலயே டை போய் பம்ப் ஸ்டாப்புக்குள்ள செருகியிருந்தா உங்க ரோடு ஏற்கனவே மொத்த டிராவலையும் தின்னுட்டிருக்குதுன்னு அர்த்தம், அப்ப 20க்கு மேல ஒரு மிமீ கூட எறக்க நான் ஒத்துக்க மாட்டேன். 30க்கு மேல மிச்சம் இருந்தா 25 மிமீ ஸ்பிரிங் தைரியமா ஆர்டர் பண்ணலாம்.

நாலு சக்கரத்தோட அளவையும் தனித்தனியா எழுதி அனுப்புங்க, மேக்னெடிக் ரைடு ஸ்விட்ச் இருக்குதா இல்லையான்னும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழம காலைல ஏழு மணிக்கு முன்னாடி கோபாலபுரம் வழியா பொள்ளாச்சி வந்தீங்கன்னா ரோடு காலியா இருக்கும், என்கிட்ட ரெண்டு ஜாக் ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் இருக்குது, புஷ்ஷு கிழிஞ்சிருக்குதான்னு சேந்தே பாத்துரலாம்.